பாப்பா போர்வையில மெரூன் ஏன் ஓடுச்சு: ஒரு சாயக் கேஸ் முழுசா

போன வருஷம் பங்குனியில என் வீட்டுக்காரரோட தங்கச்சிக்கு மேலூர்ல பொம்பளப் புள்ள பொறந்துச்சு. புள்ளைக்கு என் கையால நூலுக்குச் சாயம் போட்டு குரோஷாவுல ஒரு போர்வை பின்னிக் குடுக்கணும்னு அவ மாசமா இருக்கும்போதே முடிவு பண்ணி வச்சுட்டேன். மதுரை வெயிலுக்குக் கம்பளி ஆகாது, பருத்தி தான் சரி. 5 இஞ்ச் சதுரம், அகலத்துல 6 நீளத்துல 7, மொத்தம் 42 சதுரம். நடுவுல மெரூன், அடுத்த சுத்து வெள்ளை, ஓரம் மறுபடி மெரூன். ஒரு சதுரத்துக்கு எனக்கு முக்கா மணி நேரம் ஆகும், சமையல் முடிச்சு மத்தியானம் ரெண்டு, ராத்திரி ஒண்ணுன்னு போட்டு கிட்டத்தட்ட ரெண்டு வாரத்துல முடிச்சேன்.

குடுத்து ஒரு வாரம் கூட இருக்காது, போன் வந்துச்சு. "மதினி, தப்பா நெனைக்காதீக, போர்வைய ஒரே ஒரு தடவ தான் தொவைச்சேன், வெள்ளை பூராம் ரோஸா ஆயிருச்சு"ன்னு அவ கொரல்ல அழுகை இருந்துச்சு, போட்டோ அனுப்புனா, பாத்தா 42 சதுரத்துலயும் வெள்ளைச் சுத்து ரோஸ்மில்க் ஊத்துன மாதிரி இருக்கு. அவ மேல ஒரு தப்பும் இல்ல. வாளியில சலவைப் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் ஊற வச்சிருக்கா, எல்லா வீட்டுலயும் செய்யுறது தான அது. தொவைச்சா தாங்குற மாதிரி நூலைக் குடுத்திருக்க வேண்டியது நான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. என்ன செஞ்சேன்னு ஒவ்வொண்ணா நோட்டுல எழுதுனேன், அந்த நோட்டு தான் இந்தக் கேஸுக்கு ஆதாரம், அதுல இருந்தத அப்படியே சொல்றேன்.

300 கிராம் பருத்தி நூல், சிட்டமா, அதாவது உருண்டையா சுத்தாத வளையக் கட்டா வாங்குனது, கோரா நூல் இல்ல, ஏற்கனவே வெளுத்தது. சாயம் கோல்டு பிராண்ட் ரியாக்டிவ், எம் பிராண்டுன்னு கேட்டா சாயக்கடையில குடுப்பாங்க, மெரூன் 12 கிராம், அதாவது நூல் எடையில 4 சதவீதம். தண்ணி 6 லிட்டர், எங்க வீட்டு போர் தண்ணி. கல்லுப்பு 300 கிராம். சோடா 90 கிராம். சோடா போட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பொரட்டிப் பொரட்டி விட்டேன். அப்புறம் பச்சத் தண்ணியில அலசுனேன், அஞ்சாவது தண்ணி கிட்டத்தட்ட தெளிஞ்சு வந்துச்சு, பிழிஞ்சு மொட்டை மாடியில நெழல்ல காயப் போட்டேன். நிறம்னா அப்படி ஒரு நிறம், பழுத்த நாவப்பழத்தப் பிட்டு வச்ச மாதிரி. அத உருண்டையா சுத்தும்போது கையில ஒட்டல, அதனால எனக்குச் சந்தேகமே வரல.

வீட்டுல ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. மாமியார் சொன்னது, "புதுசக் கல்லுப்புத் தண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போட்டிருந்தா சாயம் நின்னுருக்கும்". இத நம்பாத வீடு மதுரையில இருக்குமான்னு தெரியல, சுங்குடிச் சேலை வாங்குனா மொத வேலை அதான். ஆனா பருத்தியில போடுற ரியாக்டிவ் சாயத்துக்கு உப்பு பூட்டு கிடையாது, உப்பு பண்றது ஒரே ஒரு வேலை, தண்ணியில மெதக்குற சாயத்த நூலப் பாத்துத் தள்ளிவிடும். உப்புத் தண்ணியில ஊற வைக்கும்போது சாயம் கம்மியாத் தான் வெளிய வரும், அதப் பாத்து நாம நின்னுருச்சுன்னு நெனைப்போம், அடுத்த தடவ நல்ல தண்ணியில போட்டதும் மறுபடி ஓடும். வினிகரும் அப்படித்தான். கம்பளிக்கும் பட்டுக்கும் போடுற ஆசிட் சாயத்துக்குப் புளிப்பு வேணும், பருத்தியில இந்தச் சாயத்துக்கு அது நேர் எதிரி.

எனக்கு மொதல்ல நூல் மேல தான் சந்தேகம். பருத்தின்னு சொல்லி கலப்பு குடுத்துட்டாங்களோன்னு ரெண்டு இழைய எடுத்து விளக்குல காட்டுனேன். அக்ரிலிக்கா இருந்தா உருகி நுனியில கருப்பா கெட்டி உருண்டை நிக்கும், கடையில கம்பளி நூல்னு விக்கிறதுல நெறைய இது தான். நெசக் கம்பளின்னா தலைமுடி பொசுங்குற வாடை வரும். என் நூல் காயிதம் எரியுற வாடையோட எரிஞ்சு சாம்பலா உதுந்துச்சு. சுத்தப் பருத்தி. அப்ப நூல் மேல பழி போட வழியில்ல.

எங்க தெரு அக்கா ஒருத்தங்க தான், "ஏன் இப்படி மண்டையப் போட்டு ஒடைக்கிற, கீழவாசல் பக்கம் எனக்குத் தெரிஞ்ச சாயக்கார அய்யா ஒருத்தர் இருக்காரு, போய்க் கேளு"ன்னு கூட்டிட்டுப் போனாங்க. அய்யாவுக்கு எழுபதுக்கு மேல இருக்கும், சௌராஷ்ட்ரா வீடு, தலைமுறையா சுங்குடி. மஹால் பக்கத்துத் தெருக்கள்ல ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு முடிச்சு போட்டுட்டு இருப்பாங்கன்னு அவரே சொன்னாரு. நகத்துல துணியக் கிள்ளி நூலால இறுக்கி முடிச்சு போட்டு சாயத்துல முக்குனா முடிச்சுக்குள்ள சாயம் போகாம வெள்ளைப் புள்ளியா நிக்கும், ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு. 2005ல மதுரை சுங்குடிக்கு புவிசார் குறியீடு கெடைச்சதெல்லாம் நமக்குப் பெருமை தான், ஆனா இன்னைக்குக் கடையில தொங்குறதுல நெறைய மெழுகு அச்சு, ஸ்கிரீன் அச்சு. கை முடிச்சு போடுற பொம்பளைங்க கொறைஞ்சு போனாங்க. அத அவர் சொல்லும்போது எனக்குப் போர்வை கவலையே கொஞ்ச நேரம் மறந்துருச்சு.

மிச்சமிருந்த மெரூன் உருண்டையும் நோட்டும் கொண்டு போயிருந்தேன். அய்யா நோட்டப் பாக்கவே இல்ல. வெள்ளைத் துணித் துண்டு ஒண்ண நனைச்சுப் பிழிஞ்சு, நூல அது மேல நாலஞ்சு சுத்து சுத்தி, இஸ்திரிப் பெட்டிய சூடு பண்ணி மேல வச்சு ஒரு இருபது எண்ணுற நேரம் அமுக்குனாரு. ஆவி குப்புன்னு வந்துச்சு. நூலப் பிரிச்சா துணியில கோடு கோடா ரோஸ். "பாத்தீகளா, ஏறுன கலரு வேற, புடிச்ச கலரு வேற. இது ஏறிருக்கு, புடிக்கல"ன்னாரு. அப்புறம் தான் கேட்டாரு, "என்ன சோடா போட்டீக?"

சோடா உப்பு தான் அய்யான்னேன். எங்க வாங்குனீகன்னு கேட்டாரு. மளிகைக் கடையிலன்னு சொன்னதும் அவர் தலைய ஆட்டுன விதத்துலயே எனக்கு வெளங்கிருச்சு, வயித்துல புளியக் கரைச்சிருச்சு. நம்ம ஊர்ல ஆப்பத்துக்குப் போடுறதும் சோடா உப்பு, துணிக்குப் போடுறதும் சோடா உப்பு. நான் எப்பவும் சாயக்கடையில சோடா ஆஷ், அதாவது சலவை சோடாத் தூள் வாங்குவேன், அன்னைக்கு டப்பா காலி, தெரு முக்குக் கடையில சோடா உப்பு 100 கிராம்னு கேட்டேன், அவர் ஆப்ப சோடாவப் பொட்டலம் கட்டிக் குடுத்தாரு. ரெண்டும் வெள்ளைத் தூள். கேட்ட எனக்கும் குடுத்த அவருக்கும் பேர் ஒண்ணு தான்.

அய்யா உள்ள போய் ரெண்டு டம்ளர்ல தண்ணி கொண்டாந்தாரு. ஒண்ணுல ஆப்ப சோடா ஒரு ஸ்பூன், இன்னொண்ணுல சலவை சோடா ஒரு ஸ்பூன், ரெண்டுலயும் சாமி ரூம்ல இருந்து எடுத்த மஞ்சத்தூள் ஒரு சிட்டிகை. ஆப்ப சோடா டம்ளர் மஞ்சளாவே இருந்து லேசா ஆரஞ்சு தட்டுச்சு. சலவை சோடா டம்ளர் கண்ணு முன்னாடி ஆரத்தித் தண்ணியா மாறுச்சு, கல்யாண வீட்டுல தட்டுல சுத்துவாங்கல்ல, அதே செகப்பு. ஆரத்திக்கு மஞ்சள்ல சுண்ணாம்பு கலக்குறோம், காரம் பட்டதும் மஞ்சள் செவக்குது, இங்க சுண்ணாம்புக்குப் பதிலா சோடா, அம்புட்டு தான். "செவப்பு வரலன்னா சாயம் புடிக்காது தாயி"ன்னாரு.

வீட்டுக்கு வந்து இதோட காரணத்தப் படிச்சேன். பழைய பருத்திச் சாயமெல்லாம் நூல் மேல ஒட்டிக்கிட்டோ உள்ள மாட்டிக்கிட்டோ தான் நின்னுச்சு. 1956ல ஐசிஐ கம்பெனி புரோசியான்னு மொத ரியாக்டிவ் சாயத்தக் கடைக்குக் கொண்டு வந்தாங்க, அதுல தான் சாயம் நூலோட வேதிப்பிணைப்பாவே சேருது, ஒட்டிக்கிட்டு இருக்குறதில்ல, நூலோட ஒரு பாகமாவே ஆயிருது. என்னோட எம் பிராண்டும் அதே குடும்பம். ஆனா சேரணும்னா தண்ணி நல்ல காரமா இருக்கணும், காரத்த அளக்குற பிஹெச் எண் 10.5ல இருந்து 11 கிட்ட. சோடா ஆஷ் அத சுலபமா குடுக்கும். ஆப்ப சோடா எவ்வளவு கொட்டுனாலும் 8.3 பக்கத்துல நின்னுரும், 90 கிராம் போட்டாலும் 900 கிராம் போட்டாலும் அதே கத தான். அதனால உப்பு சாயத்த நூல் வரைக்கும் தள்ளிட்டு வந்து விட்டுருச்சு, கதவு முழுசா தொறக்கல. கொஞ்சம் சேந்துச்சு, மிச்சம் சும்மா நூல் மேல உக்காந்துருச்சு.

சரி, அப்ப நான் அலசும்போதே ஏன் ஓடல? இது தான் என்னைய ரெண்டு நாள் குழப்புன கேள்வி, கேஸோட ரெண்டாவது காரணமும் இதுல தான் இருந்துச்சு. எங்க போர் தண்ணி உப்புத் தண்ணி, சோப்பு போட்டா நுரையே வராது. அதுல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும், நூல்ல தங்குன கல்லுப்பும் சேந்து சாயத்த நூலோடவே அமுக்கி வச்சிருக்கு, பத்தாததுக்குப் பச்சத் தண்ணி வேற. தண்ணி தெளிஞ்சு வந்தது சாயம் தீந்ததால இல்ல, வெளிய வர வழியில்லாததால. மேலூர் வீட்டுல தண்ணி நல்லா இருக்கும், பவுடர் வேற போட்டு ஊற வச்சதும் மொத்தமும் கெளம்பிருச்சு. அந்த சலவைப் பவுடர்லயும் சோடா ஆஷ் இருக்கும்ங்கிறது அப்புறம் தான் உறைச்சுச்சு. நான் குடுக்காத காரம் அந்த வாளியில கெடைச்சிருக்கு, நூல்ல மிச்சம் உசுரோட இருந்த கொஞ்சநஞ்ச சாயம் அங்க வச்சு வெள்ளை நூலப் புடிச்சிருக்கும்னு தான் எனக்குப் படுது. ஏன் அப்படிச் சொல்றேன்னா போர்வைய வாங்கிட்டு வந்து எவர்சில்வர் அண்டாவுல கொதிக்கிற தண்ணியில சோப்போட ரெண்டு தடவ போட்டு எடுத்தேன், ரோஸ்மில்க் நிறம் போயிருச்சு, ஆனா தாமரை இதழ் ஓரத்துல இருக்குமே அந்த லேசான ரோஸ் போகவே இல்ல. சும்மா படிஞ்ச கறையா மட்டும் இருந்தா அதுவும் கொதிக்கிற தண்ணிக்குப் போயிருக்கணும்.

காரணம் தெரிஞ்சுருச்சுன்னு விட மனசில்ல, செஞ்சு பாத்தாத்தான் நிம்மதி. ஒரே நூல்ல 10 கிராம் சின்னச் சின்னச் சிட்டமா நாலு கட்டுனேன். அடையாளத்துக்கு ஓரத்துல சுங்குடி முடிச்சு, ஒரு முடிச்சுன்னா ஆப்ப சோடாவும் போர் தண்ணியும், ரெண்டு முடிச்சு ஆப்ப சோடாவும் கார்ப்பரேஷன் தண்ணியும், மூணு முடிச்சு சலவை சோடாவும் போர் தண்ணியும், நாலு முடிச்சு சலவை சோடாவும் கார்ப்பரேஷன் தண்ணியும். வைகை அணைத் தண்ணி நம்ம குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது, அதுல ஒரு கொடம் இதுக்குன்னு எடுத்து வச்சேன். சாயம், உப்பு, நேரம் எல்லாம் ஒரே அளவு.

வாளியில இருந்து எடுத்தப்ப நாலும் ஒரே நிறம்! கண்ண மூடிட்டு எந்தச் சிட்டத்த எடுத்தாலும் அதே நாவப்பழம். ஈரத்துல பாத்து என்னால வித்தியாசமே சொல்ல முடியல. அலசிட்டு ஒவ்வொண்ணையும் ஒரு வெள்ளை நூலோட சேத்து ஜடை பின்னி, தனித்தனி டம்ளர்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் மூடி வச்சேன். ஒரு முடிச்சும் ரெண்டு முடிச்சும் பீட்ரூட் வேக வச்ச தண்ணி, ரெண்டு முடிச்சுல இன்னும் அடர்த்தி, அதாவது தண்ணி நல்லா இருந்தா பிடிக்காத சாயம் இன்னும் வேகமா வெளிய வருது. மூணு முடிச்சு லேசா ரோஸ், ரெண்டாவது தடவ மாத்துன தண்ணியில அதுவும் கொறைஞ்சிருச்சு. நாலு முடிச்சு டம்ளர் வழியா பின்னாடி இருந்த செவத்து டைல்ஸ் தெரிஞ்சுச்சு. வெள்ளை இழை வெள்ளையாவே இருந்துச்சு, நான் அத கையில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அடுப்படியிலயே நின்னேன், அந்த சந்தோஷத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

ஒரு அஞ்சாவது சிட்டமும் போட்டேன், இது ஆசைக்கு. ஆப்ப சோடாவ சூடு பண்ணுனா கரியமில வாயுவும் தண்ணியும் போயி சோடா ஆஷா மாறும்னு படிச்சிருந்தேன், பழைய இரும்புச் சட்டியில 100 கிராம் போட்டு முக்கா மணி நேரம் வறுத்தேன். பாக்கவே அதிசயமா இருந்துச்சு, தூள் தண்ணி மாதிரி தளதளன்னு கொதிக்குது, கரண்டி விட்டா எதிர்ப்பே இல்லாம வழுக்கிட்டுப் போகுது, உள்ள இருந்து வாயு வர்றதால அப்படி. கொதிப்பு அடங்குனதும் ஆற வச்சு நிறுத்தா 64 கிராம். கணக்குப்படி 63 வரணும். மஞ்சள் போட்டேன், ஆரத்தி. அந்தத் தூள்ல போட்ட சிட்டமும் நாலாவது மாதிரியே நின்னுச்சு. ஆத்திர அவசரத்துக்கு இது ஒரு வழி, ஆனா சாயக்கடை சோடா ஆஷ் ஒண்ணும் வெலை கூட இல்ல, அத வாங்கி வைக்கிறது தான் நல்லது. கல்லு மாதிரி பளபளன்னு வர்ற சலவை சோடா வாங்குனா மட்டும் கவனம், அதுல பாதிக்கு மேல தண்ணி தான் இருக்கும், சோடா ஆஷ் 100 கிராம் போடுற எடத்துல அது 270 கிராம் போடணும்.

அப்புறம் ரெண்டாவது போர்வை. மறுபடி 300 கிராம் நூல், 12 கிராம் சாயம், இந்த தடவ கார்ப்பரேஷன் தண்ணி. மொதல்ல நூல சோப்பும் கொஞ்சம் சோடாவும் போட்டுக் கொதிக்க வச்சேன், வெளுத்த நூல்னு சொன்னாலும் தண்ணி டீ நிறத்துல வந்துச்சு. உப்ப ரெண்டு பங்கா போட்டேன், அரை மணி நேரம் கழிச்சு சோடா ஆஷ 90 கிராம் தனியா கரைச்சு நூல ஒதுக்கிட்டு ஓரமா ஊத்துனேன், ஒரு மணி நேரம். பச்சத் தண்ணியில மூணு, கொதி தண்ணியில சோப்போட நாலு. மொதக் கொதி தண்ணி நல்லா செவப்பா வந்துச்சு, அதுக்குப் பயப்பட வேண்டாம், காரம் சரியா இருந்தாலும் சாயத்துல ஒரு பங்கு நூலோட சேராம தண்ணியோட சேந்து வீணாத் தான் போகும், அத வெளியேத்துறது தான் இந்தக் கொதி தண்ணியோட வேலை. நாலாவது தண்ணி வெள்ளை மக்குல ஊத்திப் பாத்தேன், சுத்தம். இஸ்திரிப் பெட்டி டெஸ்டும் பாத்துட்டுத் தான் ஊசியவே கையில எடுத்தேன்.

வீட்டுல செய்யுறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லியே ஆகணும். இந்தச் சாயத்தூள் காத்துல பறக்கும், மூச்சுல போனா சிலருக்கு ஆஸ்துமா மாதிரி அலர்ஜி வரும், டப்பாவத் தொறக்கும்போது மாஸ்க் வேணும், சின்னப் புள்ளைங்க பக்கத்துல இருக்கக் கூடாது, சாயப் பாத்திரம் மறுபடி அடுப்படிக்கு வரவே கூடாது. அலுமினியப் பாத்திரத்துல சூடான சோடா ஆகாது, அரிச்சுரும். இன்னொண்ணு மனச உறுத்துறது, அந்த 300 கிராம் உப்புல ஒரு கல்லு கூட நூல்ல சேராது, முழுசும் சாக்கடைக்குத் தான் போகுது. நொய்யல் ஆறு பட்ட பாட்டுக்காக 2011ல ஐகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொன்னது நமக்குத் தெரியும். நான் போடுறது ஒரு வாளி தான், ஆனாலும் ஒரே நிறத்துல நாலு பேருக்கு வேணும்னா சேத்து ஒரே தடவையா போடுறேன், தண்ணிய செடிக்கு ஊத்துறதில்ல.

இயற்கைச் சாயம் போட்டிருக்கலாமேன்னு கேட்டாங்க. கடுக்காயும் படிகாரமும் போட்டு வெங்காயத் தோல்ல நான் செஞ்சிருக்கேன், அந்தத் தேன் நிறம் எனக்கு உசுரு. மஞ்சள் அழகு தான், ஆனா வெயிலுக்குப் பறந்துரும். அந்தக் காலச் செவப்பெல்லாம் சாயவேர்ல வந்தது, பொறுமையா நாள் கணக்குல செய்யுற வேலை அது, வாரா வாரம் வாளியில கெடக்கப் போற பாப்பா போர்வைக்கு நான் அதத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

புதுப் போர்வை இப்ப வரைக்கும் ஏழு தடவ தொவைச்சாச்சு, வெள்ளை வெள்ளையாவே இருக்கு. பழசப் பிரிச்சு நூல எடுத்துக்கிறேன்னு கேட்டேன், அவ குடுக்க மாட்டேன்னுட்டா, தொட்டிலுக்கு அடியில விரிச்சு வச்சிருக்கா. அய்யாகிட்ட நாலு முடிச்சு சிட்டத்தக் கொண்டு போய்க் காட்டுனேன், விரல்ல உருட்டிப் பாத்துட்டு "இது புடிச்ச கலரு"ன்னாரு, அடுத்து மயில் நீலம் போடப் போறேன்னு சொன்னதும் கை காட்டி நிறுத்துனாரு. டர்க்காய்ஸ் மெதுவாத் தான் புடிக்கும், தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும், நேரமும் கூட வேணும், அலசத் தண்ணியும் ரெண்டு மடங்கு வேணும்னாரு. நேத்து மூணு சிட்டம் கட்டி வச்சிருக்கேன், ஒண்ணுக்கு ஒரு மணி, ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு நாலு. நாளைக்குக் குழாயில தண்ணி வரும்.